சாங்கி மணலில் ஓர் அரைஞாண்

மெட்டல் டிடெக்டர் வாங்கிய பிறகுதான் எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு புடவைக் கடையின் மாடியில் ஃபால்ஸ் அடிக்கும் வேலை எனக்கு. அதுவரை கூட வேலை பார்க்கும் பெண்கள் என்னை "அக்கா" என்று கூப்பிடுவார்கள், அதுவும் நூல் வேண்டும்போது மட்டும். நான் பேச்சுக்குப் பயந்தவள். யாராவது நேராக முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவேன். ஆனால் டிடெக்டர் விஷயம் தெரிந்த பிறகு, திங்கட்கிழமை காலையில் நான் படியேறும்போதே கேலி தொடங்கிவிடும்.

"புதையல் அக்கா வந்துட்டாங்க. பீரோவைத் திறந்து வைங்கடி, தங்கத்தக் கொட்டப் போறாங்க."

"சும்மா பொழுதுபோக்குதான்," என்பேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பழகியிருந்தேன்.

உண்மையில் நான் தேடியது ஒரே ஒரு பொருள். என் தம்பி இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண்.

தம்பி லாரி ஓட்டினான். வீடு வீடாகக் கட்டிலும் அலமாரியும் கொண்டுபோய் இறக்கும் வேலை. சனிக்கிழமை மாலையானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு சாங்கி கடற்கரைக்குப் போய்விடுவான். விடியும்போது வருவான். மீன் கிடைத்ததைவிடக் கிடைக்காத நாள்தான் அதிகம். அவன் மனைவி, "மீனுக்குக் கேக்குறாப்ல பாட்டுப் பாடியிருப்பீங்க, அதான் ஓடிருச்சு," என்பாள். அவன் தூண்டில் மூழ்கக் கோக்கும் ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்குவான். அது உடம்புக்கு விஷம் என்று அவள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொன்றைக் கடிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வரவில்லை. தூண்டில் தாங்கியில் நின்றது, நூல் தண்ணீருக்குள் கிடந்தது. மடக்கு நாற்காலி, வாளி, தண்ணீர் போத்தல் எல்லாம் இருந்தன. நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு செருப்புகள் வாசலில் கழற்றி வைத்ததுபோல ஒழுங்காக இருந்தன. அந்த ஒழுங்குதான் எங்களைக் கொன்றது. கால் வழுக்கி விழுந்தவன் செருப்பை இப்படி வைப்பானா? வேண்டுமென்றே இறங்கியவன் நூலை ஏன் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவான்? போலீஸ் படகு தேடியது. பிறகு தேடுவது நின்றது. காணாமல் போனவர் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லோடுதான் நாங்கள் மூன்று பெண்களும் அந்த வீட்டில் இருந்தோம். அம்மா, அவன் மனைவி, நான்.

அம்மா அழவில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு அரைஞாண் கட்டினால் கட்டியதுதான். கயிறு நைந்தால்கூடப் புதியதைக் கட்டிய பிறகே பழையதை எடுப்பார்கள். ஒரு நிமிடம்கூட வெறும் இடுப்பாக விடமாட்டார்கள். அதை அறுப்பது ஒரு தடவைதான், ஆள் செத்த பிறகு. தம்பிக்கு மெல்லிய வெள்ளிச் சங்கிலி, அதில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு தாயத்து. தவழும் வயதில் அதை வாய்க்குள் விட்டுக் கடித்திருக்கிறான். அவனுடைய முதல் பல் பதிந்து தாயத்தின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்துவிட்டது. வளர வளரச் சங்கிலியை நீட்டிக் கொடுத்தார்களே தவிர, அந்தத் தாயத்தை மாற்ற அம்மா சம்மதிக்கவில்லை.

"காரியம் பண்ணிடலாம்மா," என்று உறவுக்காரர் ஒருவர் மெதுவாகப் பேச்செடுத்தபோது அம்மா சொன்னார்: "அரைஞாண அறுக்காம என் புள்ளைக்குக் காரியமா? அறுக்கணும்னா அது என் கண்ணு முன்னால வரணும். வரல. அப்ப அவன் இருக்கான்."

அந்த வாக்கியத்தில் அம்மாவுக்கு நம்பிக்கை இருந்தது. தம்பி மனைவிக்கு அது வேறு மாதிரி இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எனக்குப் பட்டதெல்லாம் இதுதான்: அது வெள்ளி. மண்ணுக்குள் கிடந்தாலும் வெள்ளி மக்காது.

ஜாலான் புசாரில் ஒரு இரும்புக்கடை இருக்கிறது. தையல் மிஷினுக்கு எண்ணெயும் திருகாணியும் அங்கேதான் வாங்குவோம். கடை வைத்திருப்பவர் ஒரு பாய். அவருடைய கடையில் கூரையிலிருந்து வாளி, கயிறு, ஏணி எல்லாம் தொங்கும். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த ஒரு டிடெக்டரும் அவற்றோடு தொங்கியது. அதைக் கைகாட்டினேன்.

"தங்கச்சி, இது புதுசா பழகுறவங்க மிஷின் லா," என்றார். "தங்கம், தகரம் எல்லாத்துக்கும் ஒரே சத்தந்தான் போடும். நல்லதா ஒண்ணு வரவழைச்சுத் தரவா?"

"இதே போதும் பாய்."

"கிடைச்சா எனக்குப் பாதி, சொல்லிட்டேன்." சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கேட்காமலேயே ஒரு கைமண்வெட்டியையும் சல்லடையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சாங்கி. கூடாரம் போடுகிறவர்கள், கோழி சுடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் நடுவில் நான் குனிந்த தலையோடு டிடெக்டரின் அடித்தட்டை இடதும் வலதுமாக வீசிக்கொண்டே நடப்பேன். காதில் ஹெட்ஃபோன் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தலைக்குமேலே விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும், அந்தச் சத்தமும் தூரத்தில்தான் கேட்கும். காதுக்குள் ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். அந்த இரைச்சல் "பீப்" என்று உடைந்ததும் நிற்பேன். மண்டியிடுவேன். தோண்டுவேன். சல்லடையில் போட்டு ஆட்டுவேன். பியர் மூடி. டின் வளையம். கூடாரத்து ஆணி. மறுபடியும் பியர் மூடி. சில சமயம் ஒரு முள்கரண்டி, ஒரு பொம்மைக் கார், கறுத்துப்போன பத்துக் காசு. ஈயக்குண்டுகள் நிறைய. நடுவில் ஓட்டையோடு நீளமாக இருக்கும் வகை, உருண்டை வகை, எல்லாம் தூண்டில்காரர்கள் விட்டது. அவற்றை மட்டும் எறிய மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். தம்பியும் அதே கரையில் எத்தனையோ ஈயத்தைத் தொலைத்திருப்பான். இதில் எது அவனுடையது என்று யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு முறையும் தோண்டிய குழியை மூடிக் காலால் மிதித்துச் சமன் செய்துவிட்டுத்தான் நகர்வேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் கையைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அம்மாவின் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். வரவில்லை என்றால் அவன் இருக்கிறான். அடுத்த ஞாயிறு வரை அது போதும். நான் தேடுவது அம்மாவுக்கு வேண்டியிருந்தது. கிடைக்காமல் இருப்பதும் வேண்டியிருந்தது.

ஒரு நாள், இந்த மிஷினுக்கு வெள்ளி கேட்குமா என்று சந்தேகம் வந்தது. அம்மாவின் பழைய வெள்ளிக் கொலுசு ஒன்றை எடுத்துப்போய்க் கடற்கரையில் காய்ந்த மணலில் ஒரு கை ஆழத்தில் புதைத்தேன். மேலே தட்டை வீசினேன். சத்தமே இல்லை. மணலைக் கொஞ்சம் தள்ளினேன். அப்போதும் இல்லை. கொலுசு வெளியே தெரிகிற அளவுக்கு மணலை எடுத்த பிறகுதான், அதுவும் கொக்கிக்கு நேரே, முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை ஞாயிறுகள். எத்தனை தடவை அந்தச் சங்கிலிக்கு மேலேயே நடந்திருப்பேனோ.

பாயிடம் போய்க் கேட்டேன்.

"சங்கிலி இதுக்குக் கேக்காது, தங்கச்சி. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாத்தான் பாக்கும், அவ்வளவு சின்னது இதுக்குக் கண்ணுக்குத் தெரியாது. கட்டியா இருந்தாத்தான் கத்தும்." பிறகு தயங்கி, "நீங்க என்ன தேடுறீங்க?" என்றார்.

முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த திருகாணிகளைக் கீழே வைத்தார்.

"தாயத்து கட்டிதானே," என்றார் கடைசியில். "அது கத்தும். கத்தணும்."

ஆகவே தேடுவது தொடர்ந்தது.

அதை நிறுத்தச் சொன்னது தம்பி மனைவி. அவள் ஒரு கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்க்கிறாள். என்னைவிட நன்றாகப் படித்தவள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள். தம்பி போன பிறகு அவளுடைய பேச்சு சுருங்கிச் சுருங்கி, வீட்டில் என் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. கூட வேலை பார்க்கும் பெண்ணின் வளைகாப்புக்கு ஒரு சனிக்கிழமை போய்விட்டு, போன வேகத்தில் திரும்பி வந்தாள். நான் சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவருகில் வந்து நின்றாள்.

"அக்கா, அங்க ஒரு அம்மா குங்குமச் சிமிழ எல்லாருக்கும் நீட்டிக்கிட்டு வந்தாங்க. என்கிட்ட வந்ததும் கை நின்னுருச்சு. கொடுக்கலாமா வேணாமான்னு அவங்களுக்குத் தெரியல. பாவம், அவங்க மேல தப்பில்ல. எனக்கே தெரியலையே."

நான் மடித்த துணியை மறுபடி பிரித்தேன்.

"வீடமைப்பு ஆபீஸ்ல வீட்டுப் பத்திரத்துக்கு அவரு கையெழுத்து கேக்குறாங்க. அவரு எங்கன்னா தெரியாது. செத்துட்டாரான்னா தெரியாது. சட்டப்படி ஏழு வருஷம் ஆகணுமாம். சரி, அத காத்துக்கிறேன். ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்க வர்ற நேரம், லிஃப்ட் சத்தம் கேட்டா கழுத்துல கை போயிடுது. இன்னிக்கு இது இருக்குமா, கழட்டணுமான்னு. நீங்க வந்து தலைய ஆட்டுறீங்க. அத்தை நிம்மதியா சாப்பிடுறாங்க. எனக்கு மறுபடியும் ஒரு வாரம்."

"நான் உனக்காகவும்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்கா. அதான் இவ்வளவு நாள் சொல்லல." தாலிச் சரட்டை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "நீங்க தேடுற வரைக்கும் நான் யாருன்னு எனக்குத் தெரியாது. போதும்கா. நிறுத்திடுங்க."

அடுத்த ஞாயிறு நான் கிளம்பவில்லை. டிடெக்டரைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன், இன்னிக்கி மழையா?"

"இல்லம்மா. போகல."

"போகலைன்னா? யாரு பாக்குறது?" அம்மா கைத்தடியை எடுத்தார். "சரி. நான் போறேன். எனக்குக் காட்டிக் குடு."

முட்டி வலியோடு பேருந்து ஏறிப் பழக்கம் விட்டுப்போன மனுஷி. தடுத்துப் பார்த்தோம். ஆகவில்லை. தம்பி மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, "நானும் வர்றேன்," என்றாள். தம்பி போன பிறகு அவள் அந்தக் கடற்கரைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் வற்றியிருந்த பகல். எதிரே உபின் தீவு பச்சையாகக் கிடந்தது. தம்பியின் நாற்காலி இருந்த இடத்தைக் காட்டினேன். அம்மா அந்த மணலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். பிறகு டிடெக்டரைக் கேட்டார்.

"என்னடி இது, தோசைக்கல்லுக்கு நீளமா காம்பு வச்ச மாதிரி இருக்கு."

ஹெட்ஃபோனைக் கொண்டைக்கு மேலே மாட்ட முடியவில்லை. தம்பி மனைவி கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டுவிட்டு மாட்டினாள். அம்மா தட்டை வீசினார். வீசிய உடனே நின்றார். கண் பெரிதானது.

"கத்துது! ஏய், கத்துது, தோண்டு!"

தோண்டினேன். டின் வளையம். அம்மா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து எறிந்தார். இரண்டு அடி வைத்தார். "இங்கயும் கத்துது." பியர் மூடி. "குடிகாரப் பயலுவ." மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகம் விரிந்து சுருங்கியது. ஹெட்ஃபோனோடு இருந்ததால் அம்மா சத்தமாகக் கத்தினார். பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அதே சமயம், இத்தனை நாள் நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தை அம்மாவும் கேட்கிறார் என்று ஏதோ ஒன்று உள்ளே தளர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா கத்துவதை நிறுத்தினார். சத்தம் வந்தால் தடியால் இடத்தைக் காட்டுவார், அவ்வளவுதான். பிறகு அதுவும் இல்லை. தட்டைத் தரையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

"இந்த மண்ணு பூரா இரும்பாடி?"

"ஆமாம்மா."

"எத எடுத்தாலும் கத்துமா?"

"ஆமாம்மா."

"இதுலயா நீ அவனத் தேடுன?"

அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றப் போனார். கை பட்டுத் தட்டு நகர்ந்தது. நின்றார். காலடியைக் காட்டினார்.

நான் குனிவதற்குள் அம்மாவே மெல்ல மணலில் உட்கார்ந்து கையால் கிளறினார். எடுத்ததைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். சுண்டுவிரல் நுனி அளவு. நீளமாக, சாம்பல் நிறமாக, நடுவே ஓட்டையோடு. அதன் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. பல் பதிந்த பள்ளம்.

"இதுதான்," என்றார் அம்மா.

ஈயக்குண்டு. என் பிஸ்கட் டின்னில் அதுபோல நிறைய இருக்கிறது. தாயத்துக்கு இரண்டு பக்கமும் மூடியிருக்கும், அதை மாட்ட வளையம் இருக்கும். இதற்கு இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. நான் வாயைத் திறந்தேன். தம்பி மனைவி அம்மாவுக்கு எதிரே மண்டியிட்டு அதைக் கையில் வாங்கினாள். ஈயத்தைக் கடிக்காதீர்கள் என்று சண்டை போட்டவள். அவளுக்குத் தெரியாதா? கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. அழுகை வந்தது, இத்தனை காலத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு.

"ஆமா அத்தை," என்றாள். "அவரு பல்லுதான்."

அம்மா அவள் தலையில் கை வைத்தார். என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன். இந்தத் தடவை மேலும் கீழுமாக.

காரியம் நடந்தது. உடல் இல்லாததால் பூசாரி தர்ப்பையில் ஓர் ஆள் உருவம் செய்தார். அதன் இடுப்பில் மஞ்சள் கயிறு கட்டி, அந்தக் குண்டைக் கோத்தோம். கத்தரிக்கோல் என்னுடையது, கடையில் நூல் வெட்டுவது. அம்மாதான் அறுத்தார். முதல் தடவை கயிறு அறுபடவில்லை. இரண்டாவது தடவை அறுந்தது.

சாங்கியிலிருந்து படகு பிடித்துக் கடலில் கரைக்கப் போனோம். ஒரு மண்பானைக்குள் தர்ப்பையையும் பூவையும் போட்ட பிறகு அம்மா அந்தக் குண்டை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் எடை பார்ப்பதுபோல ஆட்டினார்.

"வெள்ளியாம்மா?" என்றார் பூசாரி.

"நல்ல கனம்," என்றார் அம்மா. "மிதக்காது. நேரா அவன்கிட்டப் போயிடும்."

பானை தண்ணீருக்குள் போய்விட்டது. அம்மா அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தாலியை யாரும் கழற்றக் கூடாது என்று தம்பி மனைவி முன்பே சொல்லிவிட்டாள். மறுநாள் பட்டப்பகலில், குளிக்கப் போவதற்கு முன்னால் தானே கழற்றினாள். அதைச் சாமி படத்துக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து, பசிக்கிறது என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு வெகுநாளாகியிருந்தது.

வீட்டில் இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிவிடுகிறார். முன்பிருந்த தெளிச்சி முகத்தில் இல்லை. உடம்பு பாதியாகிவிட்டது.

எனக்குத்தான் தூக்கம் குறைந்தது. டிடெக்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டுமா, வேறு யாருக்காவது விற்றுத் தருகிறேன் என்று பாய் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் நிற்கிறது. அதை வாங்குகிறவர் எங்கே கொண்டுபோவார், எதைத் தோண்டி எடுப்பார் என்று எனக்குத் தெரியாதே.

சாங்கிக்கு மட்டும் இன்னமும் போகிறேன், வெறும் கையோடு. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு சீனப் பெரியவர் டிடெக்டரோடு வந்திருந்தார். நல்ல மிஷின், பெரிய தட்டு, திரையில் எண்கள் ஓடுகின்றன. அதற்குச் சங்கிலியும் கேட்கும் என்று நினைக்கிறேன். தம்பி உட்கார்ந்திருந்த பக்கமாகவே அவர் மெல்ல நடந்துகொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். அவர் நின்றார். மண்டியிட்டார். தோண்டினார். நானும் நின்றேன். அவர் எதையோ எடுத்து, மணலைத் தட்டிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு தோளுக்குப் பின்னால் வீசி எறிந்தார். என் காலடியில் வந்து விழுந்தது. பியர் மூடி.

அவர் எழுந்து மறுபடி நடக்கத் தொடங்கினார். நானும்.